மலைப் பள்ளிக்குப் பழைய கணினி

கேள்வி: அலுவலகம் ஒன்று கொடுத்த 12 பழைய கணினிகளைச் சரிசெய்து, பீஞ்சமந்தை மலைப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தர விரும்புகிறோம். எதில் தொடங்குவது?
- கல்லூரி மாணவர்கள், காட்பாடி

பதில்: ஹார்ட் டிஸ்கில். வெறும் பார்மட் போதாது. பழைய கோப்புகளை மீட்டுவிடலாம். வட்டு முழுக்க ஒருமுறை பூஜ்யம் எழுதுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப் வகை வட்டு) என்றால், அதை முழுக்க அழிக்கும் 'செக்யூர் எரேஸ்' கட்டளை கொடுங்கள்.

அப்புறம் தூசி. ப்ளோயர் அடிக்கும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுழன்றால் பேரிங் போய்விடும். பிராசஸர் மேலிருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும் (வேலூர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்). சுரண்டாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதிதாக வையுங்கள். திரை வராமல் பீப் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ராம் (தற்காலிக நினைவகம்) பிரச்சினைதான்: கழற்றி, பொன்னிறப் பட்டையை அழிரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். தேதி பின்னுக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்ற வேண்டும். பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். மலையில் இணையத்தை நம்பாமல், இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஏற்றிக் கொடுங்கள். பன்னிரண்டும் தேறாது, இரண்டு மூன்றை உதிரிக்கு ஒதுக்குங்கள்.