டர்பன் சுற்றுலா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவர். ஜூலையில் அங்குள்ள டர்பன் நகருக்குப் போகிறோம். அவரைப் பற்றிய விவரம் அங்கே கிடைக்குமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 1,52,000 பேர் போய் இறங்கினார்கள். அவர்களுடைய கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பதிந்திருக்கிறார்கள்.

தேடுகிறவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். முதலாவது எழுத்துக்கூட்டல். காதில் விழுந்ததைத்தான் ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி என்ற ஒரு பெயரையே முனிசாமி, மூன்சாமி, முன்சாமி என்றெல்லாம் தேட வேண்டியிருக்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். இரண்டாவது ஜில்லா. 1911 வரை வடாற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். இன்று ஆந்திராவில் இருக்கும் சந்திரகிரிகூட அதில் அடக்கம். அதனால் ‘வடாற்காடு’ என்று மட்டும் தேடினால் கடலில் ஊசி தேடுவது போலத்தான். கிராமம், அவருடைய அப்பா பெயர், போன வருஷம் (குத்துமதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை) ஆகிய மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உறவினர் யாராவது இருந்தால், பழைய திருமணப் பத்திரத்தில் அவருடைய கப்பல் பட்டியல் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பார்க்க வேண்டிய இடங்கள்: டர்பன் ஆவணக் காப்பகம், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம். புறப்படும் முன்பே கடிதம் எழுதிவிடுங்கள். பயணத்தில் ஒரு வேலை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள்; சனி, ஞாயிறை நம்பாதீர்கள்.

கேள்வி: காந்தி தொடர்பான இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டுவதாக ஒரு முகவர் சொல்கிறார். முடியுமா? (வாசகி, காட்பாடி)

பதில்: ஓட்டமாக ஓடினால்தான் முடியும். 1904-இல் காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு நகருக்கு வடக்கே இருக்கிறது. 1893 ஜூன் 7 அன்று ரயிலிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம் உள்நாட்டில், சுமார் 80 கி.மீ. தள்ளி. இரண்டும் வெவ்வேறு திசை.

ஃபீனிக்ஸை ஒரு காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1985 கலவரத்தில் எரிந்த காந்தியின் வீட்டை மறுபடி கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஓஹ்லாங்கே பள்ளி. 1994 தேர்தலில் மண்டேலா வாக்களித்த இடம் அது, தவறவிடக் கூடாது. உள்ளூர் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஒரு முழு நாள். அதோடு ஹோவிக் அருவி, 1962-இல் மண்டேலா பிடிபட்ட இடம் ஆகியவற்றையும் சேர்க்கலாம். அவர் பிடிபட்ட இடத்தில் உள்ள 50 எஃகுத் தூண்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்க்கும்போது மட்டும் மண்டேலாவின் முகமாகச் சேரும். வெளிச்சம் இருக்கும்போதே அங்கே போய்விட வேண்டும். ஜூலை அங்கே குளிர்காலம்; மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை ஏழரைக்கு மேல் கிளம்பும் வண்டி வேண்டாம்.

கேள்வி: காண்டாமிருகம் பார்க்க ஒரு நாள் பயணம் போதுமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி காப்பகம் டர்பனிலிருந்து ஒரு வழிக்கே ஏறக்குறைய 280 கி.மீ. விடியற்காலை கிளம்பினாலும், விலங்குகள் நடமாடும் முதல் இரண்டு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். காப்பகத்துக்குப் பக்கத்து ஊரான செயின்ட் லூசியாவில் ஓர் இரவு தங்குங்கள். மாலையில் படகில் நீர்யானைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் காட்டுக்குள் நுழையலாம். திறந்த வண்டியில் குளிர் முகத்தில் அறையும். ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம் வேண்டும். வாகனக் கட்டணத்தில் காப்பக நுழைவுக் கட்டணமும் சேர்ந்ததா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். பேரம் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: கடலில் குளிக்கலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: குளிக்கலாம், சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். சுறாக்களுக்காகக் கடலில் வலை கட்டியிருக்கிறார்கள். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வந்தால், பின்னாலேயே சுறாக்களும் வரும். அப்போது வலைகளைத் தூக்கிவிட்டுக் குளியலுக்குத் தடை போடுவார்கள். அன்று காலில் அலை படுவதோடு திரும்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ‘பீன்ஸ் பன்னி’ கேளுங்கள். ரொட்டியைக் குடைந்து, உள்ளே பயறுக் குழம்பு ஊற்றித் தருவார்கள். ஒருவருக்குக் கால் ரொட்டி அளவே தாராளம். ‘பன்னி’ என்று மட்டும் சொன்னால் ஆட்டுக்கறி வந்துவிடலாம்.

இன்னொன்று: நம் செல்போன் சார்ஜரின் பிளக் அங்கே பல இடங்களில் பொருந்தாது. நம் வீட்டு கீசருக்கு உள்ள பெரிய பிளக் மாதிரிதான் அங்கே பெரும்பாலும். அதற்கேற்ற அடாப்டரை வேலூரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.