தண்டையார்பேட்டைத் தங்கச்சி ஈசிஇ படிக்கலாமா?

தம்பி, நீ ஜெர்மனியில் இந்த டிரெஸ்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஊரில் இருக்கும் தங்கச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் 178, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், அதாவது ஈசிஇதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அப்பாவோ "கம்ப்யூட்டர் எடும்மா, அதுலதான் வேலை" என்கிறார். "நாளைக்கு அவளும் இங்க வந்தா ஈசிஇக்கு மதிப்பு இருக்குமாண்ணா?" என்பது உன் கேள்வி.

நான் காசிமேட்டுக்காரன். அதே ஈசிஇ படித்துவிட்டு 11 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், சிப் சோதிக்கும் வேலை. எடுக்கட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் கம்ப்யூட்டர் சீட் கிடைக்கவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டு எடுப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அப்பாவின் பயம் நியாயமானது. அவருக்கு ஒன்று சொல்: சென்னை ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஈசிஇ பிள்ளைகளையும் எடுக்கின்றன, அந்தக் கதவு மூடாது. ஆனால் ஜெர்மனியில் மேற்படிப்புக்கு வரும்போது கணக்கு வேறு. பல பல்கலைக்கழகங்கள் உன் பாடப்பட்டியலை எடுத்து, கணிதம் எத்தனை கிரெடிட், சர்க்யூட் எத்தனை, சிக்னல்ஸ் எத்தனை என்று எண்ணும். ஈசிஇ படித்தவருக்கு இங்கே கம்ப்யூட்டர் மாஸ்டர்ஸ் கிடைப்பது கடினம். கம்ப்யூட்டர் படித்தவருக்கு எலெக்ட்ரிகல் மாஸ்டர்ஸும் அப்படித்தான். அதனால் எது பிடிக்கும் என்பதை அவள் இப்போதே யோசிக்க வேண்டும். பேர் புதிதாக இருக்கிறதே என்று குறுகலான பிரிவுக்குப் போகாமல், வெறும் ஈசிஇ எடுப்பது நல்லது. அடித்தளம் அகலமாக இருக்கும்.

வேலை உண்டா என்றால், நீ இருக்கும் ஊரே சாட்சி. ஐரோப்பாவில் சிப் தொழிற்சாலைகள் கூடி நிற்கும் இடம் இது. தைவானின் டிஎஸ்எம்சி, போஷ், இன்ஃபினியன், என்எக்ஸ்பி நான்கும் சேர்ந்து கட்டும் ஆலைக்கு 2024 ஆகஸ்டில் இங்கேதான் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் மக்டபர்க் நகரில் பெரிய ஆலை கட்டுவதாக 2022இல் அறிவித்த இன்டெல், 2025 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அவள் படித்து முடிக்க நாலு வருடம் ஆகும். ஒரு செய்தியை நம்பி நாலு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

என் தப்பை உன்னிடம் மறைக்க மாட்டேன். கடைசி வருட ப்ராஜெக்டை நாங்கள் நாலு பேர் காசு போட்டுக் கடையில் ரெடிமேடாக வாங்கினோம். போர்டும் அவர்களே, ரிப்போர்ட்டும் அவர்களே. கேட்ட கேள்விக்கெல்லாம் மனப்பாடமாகப் பதில் சொன்னோம், நல்ல மார்க்கும் வந்தது. இங்கே முதல் செமஸ்டர் லேபில் அது என் கழுத்தைப் பிடித்தது. மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு சாதாரண சதுர அலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் வந்த அலையின் முனைகள் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கி இருந்தன. சர்க்யூட்டில்தான் கோளாறு என்று கெபாசிட்டரை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன், ஒன்றரை மணி நேரம் போனது. லேபைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வந்தார். சர்க்யூட்டைத் தொட்டு ஸ்கோப்புக்கு அலையைக் கொண்டுபோகும் ப்ரோபில் கடுகளவு ஒரு திருகு இருக்கும். அதில் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கால் சுற்றுத் திருப்பினார். திரையில் முனைகள் கத்தரித்த மாதிரி நேராகிவிட்டன. சர்க்யூட்டில் ஒரு குறையும் இல்லை. ப்ரோபும் ஸ்கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் அலையின் உயர்ந்த அதிர்வெண்கள் மட்டும் அடிவாங்கியிருக்கின்றன. அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கை நாலு வருடம் எழுதிய எனக்கு, அது கண் முன்னால் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் சின்ன வயதிலேயே இதைக் காசிமேட்டில் பார்த்திருக்கிறேன். மாமாவின் விசைப்படகில் விஎச்எஃப் வயர்லெஸ் செட் கரகரத்தது. ஆபத்துக்குக் கூப்பிடும் 16ஆம் சேனலே சரியாகக் கேட்கவில்லை. ரிப்பேர்காரர் செட்டைத் திறக்கவே இல்லை. நேராக ஆன்டெனா கம்பத்துக்குப் போய்க் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே செம்பு பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது. "செட்டுல ஒண்ணும் இல்லப்பா, உப்புதான் சவுண்டைத் துன்னுது" என்றார். செம்பு பளிச்சென்று தெரியும்வரை ஒயரை வெட்டி, புதுக் கனெக்டரைப் பற்றவைத்தார். செட் தெளிவாகப் பேசியது. கல்லூரி மூன்றாம் வருடத்தில், சிக்னல் கேபிளில் எப்படிப் போகிறது என்று சொல்லும் டிரான்ஸ்மிஷன் லைன் பாடம் வந்தது. 50 ஓம் கேபிளில் ஓரிடத்தில் பொருத்தம் கெட்டால் சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் என்று 16 மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். மாமா படகில் பார்த்தது இதுதான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உன் தங்கச்சிக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் இந்தப் படிப்பு அவளுடையது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமை அவளை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குக் கூட்டிப் போகச் சொல். பற்றவைக்காமல் சர்க்யூட் போட ஒரு பிரெட்போர்டு, ஒரு 555 டைமர் ஐசி, நாலு ரெசிஸ்டர், சின்னதும் பெரியதுமாக இரண்டு கெபாசிட்டர், எல்இடி, 9 வோல்ட் பேட்டரி. சில நூறு ரூபாய்தான் ஆகும். விளக்கை மின்ன வைக்கட்டும். பிறகு பெரிய கெபாசிட்டரைப் போட்டால் மெதுவாக மின்னும். "ஏன்?" என்று அவளாகத் தேடிப் போகிறாளா, மின்னியது போதும் என்று எடுத்து வைத்துவிடுகிறாளா என்று அம்மாவைக் கவனிக்கச் சொல். எடுத்து வைத்துவிட்டால் அப்பா சொல்வதைக் கேட்கட்டும், அதில் குறைவொன்றும் இல்லை.

பணத்தையும் பேசிவிடுவோம். நீ பட்டம் வாங்கிவிட்டதால் முதல் பட்டதாரிச் சலுகை அவளுக்குக் கிடையாது. மாநகராட்சிப் பள்ளி என்று எழுதியிருந்தாய். 6 முதல் 12 வரை முழுக்க அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு உரியவள், அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். இதை அப்பா முதலில் விசாரிக்கட்டும், கடன் பேச்சு அப்புறம். இங்கே வரும் செலவு உனக்கே தெரியும்: விசாவுக்காக முன்கூட்டியே வங்கி முடக்கக் கணக்கில் போட்ட 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வருகிறது. நம் தெருவில் அந்தத் தொகையைப் புரட்ட ஒரு வீட்டையே அடகு வைக்க வேண்டியிருக்கும். அதனால் அவள் உடனே வரத் தேவையில்லை. இரண்டு வருடம் அங்கேயே ஹார்டுவேர் வேலை பார்த்துவிட்டு, நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டு வரட்டும். ஆங்கிலத்தில் படிப்பு முடிந்துவிடும், ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜெர்மன் வேண்டும்.

நீயும் உன்னைப் பார்த்துக்கொள். இப்போது ராத்திரி ஒன்பது வரை வெளிச்சமாக இருக்கிறது, அதை நம்பாதே. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், வீட்டு ஞாபகம் அப்போதுதான் கடிக்கும். அந்த மாதம் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடு.

ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு வந்ததும் தங்கச்சியை என்னோடு பேசச் சொல். ஞாயிற்றுக்கிழமை இங்கே மதியம் 12, அங்கே மாலை மூன்றரை. போர்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.