உட்கார்ந்து பார்த்தால் பிரஷர் சரி, எழுந்தால் கண் இருட்டுகிறதே?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின் சாப்பிடுகிறார். காலையில் எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் சரியாக இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: கிளினிக்கில் உட்காரவைத்துத்தானே பார்த்திருப்பார்கள்? எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கும் கோளாறாக இது இருக்கலாம்; நிற்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, அழுத்தம் சரியும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அப்போது மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைவுதான் எச்சரிக்கை மணி. உடனே நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். அது ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஆல்ஃபா-1 ஏற்பிகளை (அந்த வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களை) தூண்ட, குழாய்கள் சுருங்கும். நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடும். ஆனால் துடிப்பு மட்டும் கூடிப் பயனில்லை. குழாய் சுருங்கியாக வேண்டும்.

அப்பாவுக்கு அந்த இடத்தில்தான் இரட்டை அடி விழுந்திருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை அந்த நரம்புகளைக் கெடுக்கும். டாம்சுலோசின் அதே ஆல்ஃபா-1 ஏற்பிகளை அடைக்கும். புராஸ்டேட்டைக் குறிவைத்த மருந்துதான், என்றாலும் ரத்தக்குழாயை முழுக்க விட்டுவைப்பதில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷரும் நாடியும் பாருங்கள். எழுந்து நின்ற 1-ஆவது, 3-ஆவது நிமிடத்தில் மீண்டும் பாருங்கள்; பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கோளாறு உறுதி. அழுத்தம் இறங்கியும் நாடி அசையவே இல்லையென்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாக ஏறினால் நீர்ச்சத்துக் குறைவையோ மருந்தையோ பார்க்க வேண்டும். இந்த எண்களோடு மருத்துவரிடம் போங்கள். டாம்சுலோசினை நீங்களாக நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

அதுவரை, எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும் (இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் வேண்டாம்). கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழட்டும். நிற்கும்போது தலை சுற்றினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்க வேண்டும். அடங்காவிட்டால் குந்தி உட்கார்ந்துவிடலாம். கணுக்காலில் போடும் இறுக்கமான உறையை விட வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை அதிகம் உதவும், ரத்தம் தேங்குவது பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில்தான். படுக்கும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும். இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.