முதலில் வெடிப்பை அடைத்துவிடுங்கள், தம்பி

தம்பி, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏஜக்ஸில் வாங்கிய பழைய வீட்டில் இது முதல் கோடை, கார் நிறுத்தும் தார் போட்ட டிரைவ்வே முழுக்க வெடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைத் தட்டி வந்த இருவர் 200 டொலருக்கு, தாரின் மேல் கறுப்பாகப் பூசும் சீலர் பூசித் தருவதாகச் சொன்னார்களாம். அவர்களிடம் கொடுக்கலாமா, நானே செய்யலாமா, எந்த நிறுவனத்தின் சீலர் நல்லது, பேசாமல் தாரை எடுத்துவிட்டு இன்டர்லாக் கல் பதித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். அந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். 1991 பெப்ரவரியில் கனடாவில் வந்து இறங்கி, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் ஆறு பேராகப் படுத்தெழும்பினோம். கோடையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பிக்கப் வண்டியின் பின்னால் ஏறிப் போய் வீடு வீடாகச் சீலர் பூசுவது. காலையில் பீப்பாயைத் திறந்ததும் முதலாளி குழாய்த் தண்ணீரை அதற்குள் விடுவார். வெடிப்பில் முளைத்த புல்லைப் பிடுங்கவும் விடமாட்டார், அதன் மேலேயே பூசச் சொல்வார். மாலையில் எல்லாம் மினுமினுக்கும். அடுத்த வசந்தத்தில் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டோம். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் எனக்குக் குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவர் கொடுத்த காசுக்கு நாங்கள் பூசியது கறுப்புத் தண்ணீர். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் 50 டொலருக்கு மேல் வீட்டு வாசலில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

சீலர் வெறும் தோல்தான், அது வெடிப்பை அடைக்காது. இந்த நாட்டில் தாரைக் கொல்வது வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். மார்ச் மாதம் பகலில் உருகி, இரவில் உறைந்து, ஒவ்வொரு நாளும் ஆப்பு அடித்தது போல வெடிப்பை அகட்டும். அடியில் உள்ள சரளை இளகிவிட்டால் மேலே எதைப் பூசியும் பயனில்லை.

ஆகவே ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருங்கள். புல்லை வேரோடு கிளறி, மண்ணைக் கூட்டி, கழுவி, ஒரு நாள் காயவிடுங்கள். அரை அங்குலம் வரையான வெடிப்புக்கு ரப்பர் கலந்து ஊற்றும் நிரப்பி போதும். ஆழமாக இருந்தால் முதலில் மணலை இட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றுங்கள். காய்ந்ததும் நடுவில் பள்ளம் விழும், அப்போது இன்னொரு தடவை. கராஜ் வாசலில் சிமெந்தும் தாரும் சந்திக்கும் கோட்டை மறந்துவிடாதீர்கள். பலர் விடுவது அதைத்தான். குழிகளுக்குச் சூடாக்காமலே போடும் தார்க்கலவையான கோல்ட் பேட்ச் கொட்டி, இடிகட்டையால் நன்றாக இடித்து இறுக்க வேண்டும். முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த இடம் இருந்தால் அதன் அடித்தளம் போய்விட்டது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

பிறகு விரும்பினால் சீலர். இரவிலும் 10 பாகைக்குக் கீழே இறங்காத, மழையில்லாத இரண்டு நாட்களைப் பாருங்கள். தடிப்பாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக இரண்டு பூச்சு. இரண்டு நாள் காரை வீதியில் விடுங்கள். ஆண்டுதோறும் பூசுகிறவர்களுடைய டிரைவ்வே படை படையாக உரிவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். எந்த நிறுவனம் என்பது பெரிய விஷயமில்லை, நிலக்கரித் தார் கலக்காததாக இருந்தால் சரி.

இன்டர்லாக் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கும்போது பக்கத்து வீட்டாரைப் பார்த்துக் கல் பதித்த நம்மவர்களை எனக்குத் தெரியும். தன் வாசலில் தானே குனிந்து வேலை செய்தால் மதிப்புக் குறையும் என்று நினைப்பவர்களையும் தெரியும். ஊரில் வேலி அடைக்க, கிணறு இறைக்க யாரை நாம் கூப்பிட்டோம்?

1998இல் நான் முதல் வீடு வாங்கியபோது எதிர் வீட்டில் ஓர் இத்தாலிய முதியவர் இருந்தார். எனக்கு அவருடைய ஆங்கிலம் விளங்காது, அவருக்கு என்னுடையது விளங்காது. நான் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, தன் இடிகட்டையைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். அன்று முழுவதும் என் பக்கத்தில் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் கையால் காட்டித் தந்தார். பின்னேரம் மனைவி போட்ட தேநீரைக் குடித்து, இன்னொரு குவளையும் கேட்டார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகும்போது அந்த இடிகட்டையை என் கராஜில் வைத்துவிட்டுப் போனார். இன்றும் அங்கேதான் நிற்கிறது. ஏஜக்ஸ் ஒன்றும் தூரமில்லை. சனிக்கிழமை வந்து எடுத்துப் போங்கள், தம்பி.