சவாசனத்தைத் தள்ளிவிட்டுச் செய்யும் யோகா

கேள்வி: நான் 47 வயதுப் பெண். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சில மாதங்களாக யூடியூப் பார்த்து தினமும் காலையில் யோகா செய்கிறேன். சூரிய நமஸ்காரம் 24 சுற்று, அப்புறம் கபாலபாதி என்ற வேக மூச்சு. கடைசியில் வரும் மூச்சுப் பயிற்சிக்கும் சவாசனத்துக்கும் நேரம் இருப்பதில்லை, குக்கர் வைக்கப் போய்விடுவேன். சும்மா படுத்திருப்பதில் என்ன பயன் என்றும் தோன்றுகிறது. எடை குறையவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை. பிரஷர் 148/94. அதற்கு அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். "இதுக்கு ஜிம்முக்கே போகலாம்" என்கிறான் மகன். யோகாவும் உடற்பயிற்சிதானே? ஒழுங்காகச் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. கலோரிக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலான ஆசனங்கள் வேகமான நடைக்கு ஈடாகாது. எடைதான் குறி என்றால், வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க வேர்க்க நடப்பதும் இரவுச் சாப்பாட்டை அளவாக, சீக்கிரமாக முடிப்பதும்தான் நேர்வழி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் எடை ஒன்றுதான். மற்ற இரண்டும், தூக்கமும் பிரஷரும், நீங்கள் நேரமில்லை என்று தள்ளிவிடுகிற அந்தக் கடைசிப் பகுதியோடு சம்பந்தப்பட்டவை.

நீங்களே பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெதுவாக இழுக்கும்போது துடிப்புகள் கொஞ்சம் நெருங்கி வரும். நிதானமாக வெளியே விடும்போது அவற்றுக்கிடையே இடைவெளி நீளும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் மங்கிக்கொண்டே போகும், அதனால் உடனே பிடிபடாவிட்டால் பதற வேண்டாம். மூச்சு வெளியேறும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது, அவ்வளவுதான் விஷயம். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு வரை இறக்கினால், கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியிலும் இருந்து ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்பு முனைகள் இன்னும் கூர்மையாக வேலை செய்கின்றன. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகள் தளர்கின்றன. 24 சுற்றை மூச்சு வாங்க முடித்த கையோடு அடுப்படிக்கு ஓடினால் இது எதுவும் நடக்க வாய்ப்பில்லை.

சும்மா படுத்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். மும்பையின் இதய மருத்துவர் கே.கே. தாதேயும் அவருடைய குழுவினரும் ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குச் சவாசனத்தையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்து, 1969-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பலருக்கு அழுத்தம் இறங்கியது, சிலருக்கு மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. இன்றைய அளவுகோலில் அது சிறிய ஆய்வுதான். ஆனால் அவர்கள் யாரையும் வளைய வைக்கவில்லை. மல்லாந்து படுத்து, மூச்சின் மேல் கவனம் வைக்கச் சொன்னார்கள்.

பழைய நூல்களிலும் உடம்பை வளைப்பதற்கு இவ்வளவு இடம் கிடையாது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் சுமார் 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. நம் திருமூலரும் அந்த எட்டைச் சொல்லும்போது இயமம் என்ற ஒழுக்க விதிகளில்தான் தொடங்குகிறார்: பொய் சொல்லாமை, பகிர்ந்து உண்ணுதல், கள்ளைத் தொடாமை என்று போகிறது பட்டியல். சூரிய நமஸ்காரத்தை எல்லோருக்குமான உடற்பயிற்சியாக ஊக்கமாகப் பரப்பியவர் மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தானத்து ராஜா, அதுவும் 1920-களில். நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. யோகா முழுவதும் அதுவே என்று யூடியூப்காரர்கள் நினைக்க வைத்துவிட்டார்கள்.

சரி, இனி என்ன செய்வது? கபாலபாதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அந்த வேக மூச்சு வேண்டாம். மூச்சை அடக்கி வைப்பதும், தலைகீழாக நிற்பதும் அப்படியே. சூரிய நமஸ்காரத்தை ஆறு சுற்றாகக் குறைத்து, ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யுங்கள். பிறகு உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து விநாடிக்கு ஒரு மூச்சு, ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் சவாசனம். குக்கரை அதற்கு முன்னாலேயே வைக்கச் சொல்லி மகனிடம் விடுங்கள், ஜிம் போகிற பிள்ளைக்கு விசில் எண்ணத் தெரியாதா என்ன! படுத்திருக்கும்போது மனம் கடைக் கணக்குக்கு ஓடும், ஓடட்டும். கவனித்ததும் திரும்ப மூச்சுக்கு வந்தால் போதும், அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போதும் போனை எடுக்காமல் இதே மூச்சைச் செய்யுங்கள். தியானம் என்றால் சாமி சமாசாரம் என்று தயங்குபவர்கள் உண்டு. உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை, மூச்சை எண்ணுவதற்கு எந்த மதமும் தடை இல்லை.

நீங்கள் குறட்டை விடுவதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா? அப்படியென்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள், அதுவே பிரஷரை ஏற்றும். மாதவிடாய் நிற்கப்போகும் வயது என்பதால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூச்சுப் பயிற்சியால் பொதுவாகச் சில புள்ளிகள் இறங்கலாம், 148-ஐ அது மட்டுமே சரிக்கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் அளவைப் பார்த்தால் இப்போதைய மருந்தே போதவில்லை என்று தோன்றுகிறது. அதனால் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து நோட்டில் குறியுங்கள். காபி குடித்த அல்லது பயிற்சி செய்த அரை மணிக்குள் பார்க்க வேண்டாம், முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனால், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார்.