பாவமா, குற்றமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். சின், கிரைம், வைஸ் என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றும் குழப்புகின்றன. ரிப்பென்ட், அடோன் போன்றவை மனத்தில் நிற்பதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: எதை மீறுகிறோம் என்று பாருங்கள். கடவுள் கட்டளையை மீறினால் சின். சட்டத்தை மீறினால் கிரைம். பேராசை, குடி என ஒருவரிடம் ஊறிப்போன தீய குணமோ பழக்கமோ வைஸ். பொய் சொல்வது சின். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தபின் தெரிந்தே சொன்னால் கிரைமும் ஆகிவிடும்.

வினைச்சொல்லைத் தனியாக எழுதிப் படிப்பதால்தான் மறக்கிறது. ப்ரெபொசிஷனோடு சேர்த்தே எழுதுங்கள்: ரிப்பென்ட் ஆஃப் (மனம் வருந்தித் திருந்துவது), அடோன் ஃபார் (செய்த தவறுக்கு ஈடு செய்வது). சின்னுக்கு முன்னால் 'டூ' வேண்டாம், 'கமிட்' போடுங்கள்.

ஸ்பெல்லிங்கில் பலரும் சறுக்குவது சாக்ரிலீஜியஸ் (புனிதமானதை அவமதிக்கிற). உள்ளே 'ரிலிஜியஸ்' இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறார்கள், இல்லவே இல்லை! அது சாக்ரிலெஜ் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. ஆகவே ஆர் அடுத்து ஐ, எல் அடுத்து இ. ப்ராஃபெசியிலும் (தீர்க்கதரிசனம்) சறுக்குவார்கள்: கடைசி 'ஒய்'க்கு முன் 'சி' போட்டால் பெயர்ச்சொல், 'எஸ்' போட்டால் வினைச்சொல், கடைசி ஒலியும் 'சை' என்றாகும்.