ஒத்தாசையா, தம்பி?

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 54 வயது. இரண்டு வருடமாகச் சளி, இருமல். தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. வீட்டில் யாருக்கும் பீடிப் பழக்கம் இல்லை. அப்பா பனையேறி. அம்மா வேலைக்கெல்லாம் போனதில்லை, வீட்டோடுதான். சீசனில் கருப்பட்டி காய்ச்ச அப்பாவுக்கு ஒத்தாசை செய்வார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வீசிங் என்றார்கள். நான் சென்னையில் இருக்கிறேன். பணம் அனுப்பி மதுரையில் காட்டச் சொல்லலாமா?

பதில்: மதுரை இருக்கட்டும். 'ஒத்தாசை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அப்பா மரத்திலிருந்து இறக்குவது பதநீர். அதைக் கருப்பட்டி ஆக்குவது யார்? விடிலி என்கிற, குனிந்து நுழைகிற ஓலைக் குடிசைக்குள் பனைமட்டையையும் சீமைக்கருவேல விறகையும் தள்ளித் தள்ளி எரித்து, பொங்கி வந்தால் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுகிறவரை உங்கள் அம்மா புகையை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் பாகு கருகிவிடும். சீசன் முழுக்க, தினமும் மணிக்கணக்காக, கல்யாணம் ஆன நாளிலிருந்து. இதற்குப் பெயர் வேலை. உங்களைப் படிக்க வைத்ததும் அந்தக் கருப்பட்டிக் காசுதானே?

டாக்டரிடமும் 'வீட்டோடுதான்' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். கரிமூட்டத்தில் கரி பொறுக்குகிற பெண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். புகைக்காத பெண், வேலையும் இல்லை என்றால் டாக்டர் வேறு எதை நினைப்பார்? விறகுப் புகையை வருடக்கணக்கில் குடித்தாலும் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் அது உள்ளே இருக்கலாம். ஸ்பைரோமெட்ரி என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும், முழுதாக ஊதும் காற்றில் முதல் நொடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. காசநோய்க்குச் சளியும் பார்க்கச் சொல்லுங்கள். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். இன்ஹேலர் கொடுத்தால், பழகிவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்தக் கூடாது.

போன மூச்சு திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் அவர் இனி அந்த அடுப்படிக்குப் போகக் கூடாது. அப்பா பதநீரைப் பதநீராகவே விற்கட்டும். வருமானம் குறையும்தான். அதை ஈடுகட்டுவது மகன் கடமை, அதற்குப் பணம் அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் பணம் போதாது, நீங்களே லீவு போட்டுக் கூட்டிப் போங்கள். எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் அம்மாவே சொல்லட்டும். குறுக்கே பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள்.